எட்டுக் குட்டிகளுக்கும் காது கேட்கிறது

எனக்கு நாய் என்றால் பயம். எட்டு ராஜபாளையம் குட்டிகள் பிறந்து வளர்ந்த வீட்டின் தலைவன் இப்படி ஒப்புக்கொள்வது அழகில்லைதான். ஆனால் நடந்த அத்தனை அநியாயத்துக்கும் அந்தப் பயமே காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெருவில் எதிரே நாய் வந்தால், எதையோ மறந்துவிட்டவன் மாதிரி நெற்றியில் தட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுவேன். (எங்கள் தெருவில் என்னை ஞாபக மறதிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பயந்தாங்கொள்ளி என்பதைவிட அது எவ்வளவோ தேவலை.)

என் மனைவி ஸ்டெல்லா பழனிப் பக்கம் கீரனூரில் தோட்டமும் மாடும் நாயுமாக வளர்ந்தவள். திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். கல்யாணமான மறு வருஷம் ஒரு நாள் டியூட்டி முடிந்து ஆட்டோவில் வந்து இறங்கியபோது அவள் மடியில் ஒரு வெள்ளைப் பெண் குட்டி இருந்தது. பவளம் என்று பெயர் வைத்தாள். ஒரே வருஷத்தில் பவளம் என் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. ஸ்டெல்லாவிடம் கைக்குழந்தை மாதிரி கொஞ்சும். என்னை மட்டும், கரண்ட் ரீடிங் எடுக்க வந்துவிட்டு இன்னும் போகாமல் நிற்கிற ஆளைப் பார்ப்பதுபோலப் பார்க்கும். ஒருவர் இருக்கும் அறைக்கு மற்றவர் போகாமல் நாங்கள் இருவரும் மூன்று வருஷம் நாகரிகமாகக் காலம் தள்ளினோம்.

பிறகு பவளத்துக்கு ஒரே ஓர் ஈற்று பார்க்கலாம் என்று ஸ்டெல்லா முடிவு செய்தாள். அவள் எதையும் வார்டு முறைப்படிதான் செய்வாள். முதலில் கால்நடை டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி, பூச்சி மருந்து, இடுப்பு எலும்புக்கு எக்ஸ்ரே எல்லாம் ஆயிற்று. (எனக்குப் பெண் கொடுத்தபோதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லை.) இணை சேர்க்கப் பார்த்த ஆண் நாய் நத்தத்தில் ஒரு மாந்தோப்பில் இருந்தது. அதற்கும் இதே சோதனைகளைச் செய்து சீட்டைக் காட்டினால்தான் சம்மதம் என்று பிடிவாதமாக நின்றாள்.

டாக்டரம்மா ஒன்றை மட்டும் இரண்டு முறை சொன்னார். ராஜபாளையம் நாயில் தூய வெள்ளை நிறமும் ரோஸ் மூக்கும்தான் வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்த வெள்ளையோடு சேர்ந்தே சில குட்டிகள் காது கேளாமல் பிறக்கும். தாய்க்கும் தகப்பனுக்கும் நன்றாகக் கேட்டாலும்கூட இப்படி நடக்கலாம். அதனால் ஒவ்வொரு குட்டியாகச் சோதிக்காமல் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்றார். ஸ்டெல்லா அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பவளம் எட்டுக் குட்டி போட்டது. எட்டும் வெள்ளை. அதிலிருந்து எங்கள் பின்னறை வார்டாக மாறிவிட்டது. குட்டிகளின் கழுத்தில் ஆளுக்கொரு நிறத்தில் நூல். தினமும் சமையல் தராசில் எடை. குளிர் படாமல் இருக்க மூலையில் மஞ்சள் பல்பு. பால் குடிக்கும்போது தாயைக் கீறாமல் இருக்க வாரம் ஒருமுறை நகம் வெட்டல், இரண்டாம் வாரத்திலிருந்து பூச்சி மருந்து. பார்க்க வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றி, கை காலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தொடாமல் எட்டிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு என்று என் அம்மா தூக்குவாளியோடு வந்தாள். பூண்டு நாய்க்கு ஆகாது என்று ஸ்டெல்லா வாசலிலேயே தடுத்துவிட்டாள். இரண்டு நாள் அதை நான்தான் சாப்பிட்டேன்.

இத்தனை வேலையிலும் எனக்கென்று ஸ்டெல்லா ஒதுக்கியது ஒரே ஒரு வேலை. குட்டிகளுக்கு ஆறு வாரம் ஆனதும் காதைச் சோதிப்பது. அந்த வாரம் அவளுக்குத் தொடர்ந்து பகல் டியூட்டி. எனக்கு ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன், நாள் முழுக்க ஊரார் கண்ணைச் சோதிக்கிறவன். கண்ணைப் பார்க்கிறவருக்குக் காது பெரிய விஷயமா என்று அவள் நினைத்ததில் தப்பில்லை. முறையைத் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். ஒவ்வொரு குட்டியாகத் தூக்கிக்கொண்டு போய் முன்னறையில் தனியாக விட வேண்டும். அது தூங்க வேண்டும். பிறகு கண்ணில் படாமல், தரை அதிராமல், காற்றுப் படாமல், பின்னால் நின்று ஒரு டம்ளரைக் கரண்டியால் தட்ட வேண்டும். காது அசைந்தால் நோட்டில் டிக்.

எல்லாம் சரி. ஆனால் தூக்க வேண்டும் என்றால் பவளத்தின் மடியிலிருந்து தூக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பின்னறைக் கம்பிக் கதவுக்கு வெளியே நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பவளம் படுத்துக்கொண்டே என்னைப் பார்த்தது. குரைக்கவில்லை, உறுமவில்லை. மேலுதட்டை ஒரு பக்கம் மட்டும் லேசாகத் தூக்கிக் காட்டியது. தாழ்ப்பாளில் கை வைத்தேன், எடுத்தேன். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தேன். ஹெல்மெட் போட்டுக்கொண்டும் வந்து பார்த்தேன். (ஹெல்மெட்டைப் பார்த்ததும் பவளம் எழுந்து நின்றுவிட்டது.) கடைசியில் சமையலறைக்குப் போய்ப் பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து வந்தேன். கதவுக்கு வெளியே பத்திரமாக நின்றபடி குழிக்கரண்டியால் ஓங்கி ஓர் அடி அடித்தேன்.

எட்டும் துள்ளிக் குதித்தன. ஒன்றன்மேல் ஒன்று உருண்டு புரண்டு எழுந்தன. பவளம் கம்பிக் கதவின் மேல் பாய்ந்தது. நான் ஹாலில் இருந்த நாற்காலியின் மேல் நின்றுகொண்டு நோட்டைத் திறந்து எட்டு டிக் போட்டேன்.

எட்டு வாரம் முடியும்வரை ஒரு குட்டியும் வாசலைத் தாண்டவில்லை. முதல் தடுப்பூசி போட்டு, என்ன சாப்பிட வேண்டும், அடுத்த ஊசி எப்போது என்றெல்லாம் எழுதிய சீட்டோடுதான் ஸ்டெல்லா ஒவ்வொன்றாக அனுப்பினாள். சீட்டின் நடுவில், “காது: இரண்டும் நன்றாகக் கேட்கிறது. சோதித்தவர்” என்று போட்டு என் கையெழுத்து. கடையில் கண் சீட்டில் போடுவேனே, அதே கையெழுத்து, கீழே இரண்டு கோடு. ஆஸ்பத்திரியில் தன்னோடு வேலை பார்க்கிறவர்களிடம், எங்க வீட்டுக் குட்டி எல்லாம் சோதிச்சுத்தான் குடுக்கிறோம் என்று அவள் போனில் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து வாசல் பக்கம் போய்விடுவேன்.

குட்டிகளில் பச்சை நூல் கட்டியதுதான் அழகு. பொட்டுக் கறை இல்லாத வெள்ளை, ரோஸ் மூக்கு. அதன்மேல் எனக்குத் தனி மரியாதை இருந்தது. குக்கர் விசில் அடித்தால் மற்ற ஏழும் அலறிக்கொண்டு கட்டிலடிக்கு ஓடும். இது மட்டும் அசையாமல் தூங்கும். தெருவில் ஊர்வலம் போனால், மேளம் அடித்தால், இது மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டும். பிறவியிலேயே கோழையான எனக்கு இப்படி ஒரு நெஞ்சுரத்தைப் பார்த்துப் புல்லரித்தது. வீரா என்று பெயர் வைத்தது நான்தான்.

வீராவைக் கேட்டு வாங்கியது ஸ்டெல்லாவின் அண்ணன் சவரிமுத்து. கீரனூரில் மக்காச்சோளமும் தென்னையும் வைத்திருக்கிறார். ஆறடிக்கு மேல் உயரம். அவரிடம் எனக்குள்ள பயம் பவளத்திடம் உள்ளதைவிட ஒரு படி கூடத்தான். காரணம், அவர் கத்தவே மாட்டார். கோபம் ஏற ஏற மரியாதை ஏறும். சாதாரணமாகப் பேசினால் “வா மாப்பிள்ளை” என்பார். முகம் சுளித்தால் அது “வாங்க மாப்பிள்ளை” ஆகும். “ஏனுங்க மாப்பிள்ளை, கொஞ்சம் இப்படி வந்துட்டுப் போறீங்களா” என்று அவர் கேட்டால் ஊரில் பெரியவர்களே பஸ் ஏறிவிடுவார்கள். அவர் அந்தச் சீட்டை வாங்கி என் கையெழுத்தைப் பார்த்து, மாப்பிள்ளை சோதிச்சா சரியாத்தான் இருக்கும் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒரு மாதம் போயிற்று. ஒரு நாள் குடும்ப வாட்ஸப் குழுவில் மச்சான் ஒரு வீடியோ போட்டார். பக்கத்துத் தோட்டத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குப் பத்தாயிரம் வாலா சரவெடி. தோட்டத்து நாய்கள் மூன்றும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடுகின்றன. மாடு கயிற்றை அறுக்கப் பார்க்கிறது. நடுக் களத்தில் வீரா நீட்டிப் படுத்துத் தூங்குகிறான். இந்த வயசுலயே என்ன தைரியம் பாருங்க என்று மச்சானின் குரல். குழுவில் எல்லோரும் கை தட்டும் படம் போட்டார்கள். நானும் போட்டேன்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கடையில் இரண்டு பேர் கண் சோதிக்க வந்திருந்தார்கள், அண்ணன் தம்பி. அண்ணனை உட்காரவைத்து எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னேன். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். அடுத்துத் தம்பியை உட்காரவைத்தால், நான் விளக்கைப் போடுவதற்கு முன்பே கடைசி வரியை மடமடவென்று ஒப்பித்தார். இது என் தொழிலில் தினமும் நடப்பது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர் முன்னவர் படிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வார். கண்ணாடி போடுவதில் அவ்வளவு பயம். அதனால்தான் எப்போதும் ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு ஒருவரைச் சோதிப்பேன். பதினைந்து வருஷமாக இதைச் செய்கிறேன். அன்று தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கையிலிருந்த டார்ச் கீழே விழுந்தது.

எட்டும் துள்ளிக் குதித்தன என்றேனே. ஏழு துள்ளின. எட்டாவதின் மேல் ஏழும் விழுந்து எழுப்பிவிட்டன.

அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை. ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அவள் டியூட்டி முடிந்து வந்து, வீடியோவை மூன்றாம் முறை பார்த்து, உங்க வீரன்தான் என்று என்னைப் பார்த்துச் சிரித்தபோது நானும் சிரித்துவைத்தேன். மறு நாள் சொல்லலாம் என்று இருந்தேன். மறு நாள் மச்சான் இன்னொரு படம் போட்டார். டிராக்டரின் பெரிய சக்கரத்துக்குப் பின்னால், நிழலில், வீரா சுருண்டு தூங்குகிறான். வண்டி நிழல்தான் இவனுக்கு வீடு என்று கீழே எழுதியிருந்தார்.

அந்தப் படத்தைப் பார்த்த பிறகு எனக்கு வந்த பயம் வேறு மாதிரி. அதுவரை ஸ்டெல்லாவுக்கும் மச்சானுக்கும் பயந்துகொண்டிருந்தேன். இப்போது அந்தச் சக்கரத்துக்குப் பயந்தேன். டிராக்டரைப் பின்னால் எடுப்பதற்கு முன் ஹாரன் அடிப்பார்கள். கோழி ஓடும், நாய் ஓடும். ஹாரன் கேட்காத ஒன்று அங்கே தூங்கிக்கொண்டிருந்தது. போன் போட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத் தைரியம் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமைவரை மூன்று நாள் காத்திருந்தேன் என்பதுதான் இந்தக் கதையிலேயே எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிற இடம்.

ஞாயிறு காலை, பழனியில் கடைக்கு ஃப்ரேம் பார்க்கப் போகிறேன் என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பையில் ஒரு டம்ளர், ஒரு கரண்டி. என் திட்டம் இதுதான். யாருக்கும் தெரியாமல் குட்டியைச் சோதிப்பது. காது கேட்டால் புறாக் கூட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுவது. (பயத்தில் மாதாவைக் கும்பிடக்கூட மறந்து, பஸ் ஜன்னலில் தெரிந்ததை எல்லாம் வேண்டிக்கொண்டேன். அதில் ஒரு புறாக் கூடும் இருந்தது.) கேட்காவிட்டால், தாய் நாய் குட்டியை நினைத்து ஏங்குகிறது என்று சொல்லித் திரும்ப வாங்கி வந்துவிடுவது. பவளம் எந்தக் குட்டிக்கும் ஏங்கவில்லை, எட்டும் போன பிறகு நிம்மதியாகக் கால் நீட்டிப் படுத்திருந்தது.

மச்சான் வீட்டில் இல்லை, மேட்டுக் காட்டில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். அக்கா, அதாவது அவர் மனைவி, மோர் கொடுத்துவிட்டுச் சமையலுக்குப் போனார். களத்தில் டிராக்டர் நின்றது. சோள மூட்டை ஏற்றிய டிரெய்லரை ஓரமாக அவிழ்த்துவிட்டு டிரைவர் முருகேசன் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. படத்தில் பார்த்த அதே இடத்தில், பெரிய சக்கரத்துக்குப் பின்னால், அந்த அதிர்வில் தாலாட்டுப் போலச் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தான் வீரா.

எஞ்சின் ஓடும்போது சோதிப்பது முறையில்லை என்று தெரியும். ஆனாலும் மெல்லக் குனிந்து, அவனுக்குப் பின்னால் நாலடி தள்ளி உட்கார்ந்து, டம்ளரைத் தட்டினேன். காது அசையவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். அசையவில்லை. ஆனால் தோட்டத்து நாய்கள் மூன்றும் எங்கிருந்தோ வந்து என்னைச் சுற்றி நின்றுவிட்டன. டம்ளரைத் தட்டினால் சோறு என்று அவற்றுக்குப் பழக்கம் போல. நான் தட்டுவதை நிறுத்தினால் அவை நெருங்கி வந்தன. தட்டினால் வாலை ஆட்டின. அதனால் தட்டிக்கொண்டே இருந்தேன்.

“என்ன மாப்பிள்ளை, சொல்லாம கொள்ளாம வந்திருக்கற?”

மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மச்சான் நின்றார். நான் கையில் கரண்டியோடு எழுந்து, நாய்களுக்குச் சோறு வைத்தாயிற்றா என்று பார்த்தேன் என்றேன். எழுபது கிலோமீட்டர் பஸ் ஏறி வந்து இதைப் பார்க்கிற மாப்பிள்ளையை அவர் மேலும் கீழும் பார்த்தார்.

“உக்காருங்க மாப்பிள்ளை,” என்றார். ஒரு படி ஏறிவிட்டது.

அதற்குள் முருகேசன் வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தார். வண்டியைப் பின்னால் எடுத்து நிழலில் விட வேண்டும். குட்டி படுத்திருக்கிறானே என்று மச்சானைப் பார்த்துக் கேட்டார். மச்சான் என் பக்கம் திரும்பிப் பெருமையாகச் சிரித்தார்.

“ஹாரன் அடி முருகேசா. எந்திரிச்சுப் போயிருவான்.”

முருகேசன் ஹாரன் அடித்தார். தோட்டத்து நாய்கள் மூன்றும் விலகி ஓடின. கோழிகள் பறந்தன. மச்சான் அந்தச் சத்தத்திலேயே திருப்திப்பட்டு, அக்காவிடம் என்னவோ சொல்ல வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டார். சக்கரம் ஒரு சாண் பின்னால் உருண்டது.

அதற்குப் பிறகு நான் செய்ததை நான் செய்தேன் என்று இன்றும் என்னால் நம்ப முடியவில்லை. கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. எஞ்சின் சத்தத்தில் முருகேசனுக்கும் கேட்டிருக்காது. ஓடிப் போய்த் தரையில் விழுந்து, சக்கரத்துக்கும் குட்டிக்கும் நடுவில் கையை நீட்டி, தூங்கிக்கொண்டிருந்தவனை அப்படியே வாரி இழுத்துக்கொண்டு உருண்டேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு நாயைத் தொட்டேன். எந்தச் சத்தமும் இல்லாத தூக்கத்திலிருந்து திடீரென்று பறிக்கப்பட்ட வீரா பதறிப்போய் என் கட்டைவிரலைக் கடித்தான். குட்டிப் பல் ஊசி மாதிரி இறங்கியது. நான் விடவில்லை. அவன் கடித்துக்கொண்டே இருந்தான், நான் பிடித்துக்கொண்டே இருந்தேன். அவன் நெஞ்சு என் நெஞ்சின் மேல் படபடவென்று அடித்துக்கொண்டது. என்னைவிடப் பயந்த ஒரு ஜீவனை அன்றுதான் முதலில் கையில் வைத்திருந்தேன்.

முருகேசன் வண்டியை நிறுத்தினார். மச்சான் திரும்பி ஓடி வந்தார். நான் சோளச் சக்கையில் மல்லாந்து கிடந்தபடியே சொன்னேன்.

“இவனுக்குக் காது கேக்காது மச்சான். தைரியம் எல்லாம் ஒண்ணும் இல்ல, காதுதான் கேக்கல. நான் சோதிக்கவே இல்ல. பவளத்துக்குப் பயந்துக்கிட்டு வெளிய நின்னு தட்டிட்டு, எட்டு டிக் போட்டுட்டேன்.”

மச்சான் குனிந்து, என் மடியில் இருந்த குட்டியின் பின்னால் விரலைச் சொடுக்கினார். கையைத் தட்டினார். வீரா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். மச்சான் நிமிர்ந்து சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து, விரித்து, என் கையெழுத்தை நெடுநேரம் பார்த்தார்.

“எந்திரிங்க மாப்பிள்ளை,” என்றார். “கையக் கழுவிப்போட்டு, தண்ணி குடிச்சுப்போட்டு, செத்த உக்காருங்க.” பிறகு இன்னும் மெதுவாகக் கேட்டார். “ஏனுங்க மாப்பிள்ளை, ஸ்டெல்லாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?”

அவ்வளவு மரியாதையை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. போனை எடுத்து நானே சொன்னேன். ஒன்றையும் விடவில்லை, ஹெல்மெட் உட்பட. அப்புறம் அவள் கேட்டாள்.

“குட்டி எங்க?”

“என் மடியில.”

“உங்க மடியிலயா?” என்றாள். “கடிச்சிருச்சா?”

“ஆமா.”

“சோப்புப் போட்டுப் பதினஞ்சு நிமிசம் ஓடுற தண்ணியில கழுவுங்க. ஊசி நான் வந்து போடறேன்.”

ஸ்டெல்லா அரை நாள் லீவு போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்தாள். என்னிடம் பேசாமல் வீட்டுக்குள் போய் வீராவை ஓர் அறையில் தூங்கவைத்து, எஞ்சினையும் மோட்டாரையும் நிறுத்தச் சொல்லி, முறைப்படி டம்ளரைத் தட்டினாள். வெளியே வந்து வாசற்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“உங்களுக்குப் பயம்னு எனக்குத் தெரியாதா?” என்றாள். “பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா டியூட்டி முடிச்சு வந்து நானே பாத்திருப்பேன். பயந்ததுக்கு நான் என்னிக்காவது கோவிச்சிருக்கனா? டிக் போட்டீங்களே, அதுதான்.”

ஆமாம் என்றேன். அழுதும்விட்டேன். (மச்சான் வீட்டு வாசலில், முருகேசன் பார்க்க.)

சீட்டின் கடைசி வரியை மச்சான் அப்போதுதான் சத்தமாகப் படித்தார். குறை எதுவும் தெரிந்தால் எந்த வயதிலும் குட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று ஸ்டெல்லா எழுதியிருந்தாள். படித்துவிட்டுத் தங்கச்சியைப் பார்த்தார். “நல்ல சீட்டு, கண்ணு. உன்ற கல்யாணத்துல நமக்கு யாரும் இப்படி ஒண்ணு எழுதிக் குடுக்கலையே,” என்றார். ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததும் மச்சான் என்னைப் பார்த்து, “சாப்பிட வா மாப்பிள்ளை” என்றார். படி இறங்கிவிட்டது. எனக்கு உயிர் திரும்பியது.

வேலி இல்லாத களத்தில் இவனை வைத்திருக்க முடியாது என்று ஸ்டெல்லா சொன்னாள். வீராவை எங்களோடு கூட்டிவந்தோம். டாக்டரம்மாவும் பார்த்து, இரண்டு காதும் கேட்காது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அவள் அதோடு விடவில்லை. மற்ற ஏழு வீட்டுக்கும் என்னை அழைத்துக்கொண்டு போனாள். நாகல் நகர், ஆயக்குடி, நத்தம் என்று ஒவ்வொரு வாசலிலும் நான் என் குற்றத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும், பிறகு அவர்கள் குட்டி தூங்கும்வரை காத்திருந்து டம்ளரைத் தட்ட வேண்டும். காது லேசாக அசையும். நான் மூச்சு விடுவேன். ஆயக்குடிக் குட்டி மட்டும் காது நன்றாகக் கேட்டதை நிரூபிக்க என்னைக் கொய்யாத் தோப்பு முழுக்கத் துரத்தியது. பவளத்துக்கு இனி ஈற்று வேண்டாம் என்று ஆபரேஷன் ஆயிற்று. நத்தம் மாந்தோப்புக்காரரிடமும் விஷயத்தைச் சொல்லி, அந்த ஆண் நாயையும் இனிச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். எனக்கு ஊசிகள் எல்லாவற்றையும் ஸ்டெல்லாவே போட்டாள். அவள் கை லேசு என்று வார்டில் பெயர். எனக்குப் போட்டபோது அப்படித் தெரியவில்லை.

வீரா இப்போது முழு வளர்ச்சி. தரையைக் காலால் தட்டினால் திரும்பிப் பார்ப்பான், கையைக் காட்டினால் வருவான், உட்காருவான். எனக்கு நாய்ப் பயம் போய்விட்டதா என்று கேட்டால் இல்லை. தெரு நாயைக் கண்டால் இன்னும் நெற்றியில் தட்டிக்கொண்டுதான் திரும்புகிறேன். வீரா கொட்டாவி விட்டால்கூட எனக்கு ஒரு கணம் நெஞ்சு நிற்கும். ஆனால் அவனுக்கு ஒரு பழக்கம். நான் எழுந்து போனால் அவனுக்குச் சத்தம் கேட்காது அல்லவா, அதனால் தூங்குவதற்கு முன் வந்து என் பாதத்தின் மேல் மோவாயை வைத்துப் படுத்துக்கொள்வான். பாதம் நகர்ந்தால் விழித்துவிடுவான். விழித்து, பதறி, என்னைத் தேடுவான். அந்தப் பதற்றத்தை நான் ஒரு முறை கையில் வைத்திருந்திருக்கிறேன். அதனால் அவன் தூங்கும்போது நான் நகர்வதில்லை.

சமையலறையிலிருந்து ஸ்டெல்லா கூப்பிடுவாள். கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது என்பாள், வாசலில் ஆள் நிற்கிறது என்பாள். நான் பதில் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். மச்சான் போனில் இருந்தால் அவரிடம் சொல்வாள், வந்தவர்கள் யாராக இருந்தாலும் அவர்களிடமும் சொல்வாள்:

“எங்க வீட்ல ரெண்டு பேருக்குக் காது கேக்காதுங்க. அதுல ஒருத்தருக்குத்தான் டாக்டரம்மா சீட்டு இருக்குது.”